மூன்று ஏ மாடி

புடுவில் எங்கள் கிளினிக் இருக்கும் கட்டடத்து
லிஃப்டில் நான்காம் எண் கிடையாது.
மூன்று, மூன்று ஏ, ஐந்து.
கந்தோனீஸில் நான்குக்கும் சாவுக்கும்
கிட்டத்தட்ட ஒரே ஓசை.
கூடைப்பந்து லீக் தேர்வில்
நான்காவதாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட யுகேந்திரன்
முதல் நாள் அந்தப் பொத்தான்களைப் பார்த்துச் சிரித்தான்.
"பாருங்க டாக்டர், என்னையே காணோம்."
நான் டாக்டர் இல்லை, பிசியோ என்றேன்.
இன்றுவரை டாக்டர்தான்.

அப்போது இடது முட்டி மட்டும்.

தொடையின் பின்னாலிருந்து ஒரு நாரை உருவி
முட்டிக்குள் கட்டியிருந்தார்கள்,
சமையலறை ஒழுகுகிறதென்று
கூடத்து ஓட்டைப் பிரித்து வேய்ந்த மாதிரி.
ஒன்பது மாதம்.
திரும்பிப் போனான். பதினோரு ஆட்டம்.
பன்னிரண்டாவதில்
யாரும் மோதாமல், யாரும் தள்ளாமல்,
பந்தைப் பிடித்து இறங்கிய இடத்தில்
வலது முட்டி.
சத்தம் கேட்டதா என்று கேட்டேன்.
"எனக்கு முந்தி பெஞ்சுல இருந்தவங்களுக்குக் கேட்டிருக்கு."

ஜிஞ்சாங்கில் சீனப்பள்ளித் திடலில் பந்து பழகியவன்.
உட்கார்ந்து எழும்போது
யாட், யீ, சாம் என்று எண்ணுவான்.
நடுவில் 'ஐயோ' வரும்.
எண்ணுவது ஒரு மொழி, வலிப்பது ஒரு மொழி.

கிளப்பிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
வயது இருபத்து மூன்று.
உயரம் நூற்றுத் தொண்ணூற்றேழு.
ஒன்பதாம் கேள்வி:
தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பும் வாய்ப்பு
நன்று, மிதம், குறைவு.
ஒன்றை மட்டும் வட்டமிடவும்.

ஒரு கால் கெட்டவனை
அவனுடைய மற்றக் காலோடு ஒப்பிடலாம்,
தொண்ணூறு விழுக்காடு தேறினால் அனுப்பலாம்,
புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.
இரண்டும் கெட்டவனை எதோடு ஒப்பிட?
முன்பிருந்த அவனோடா?
அவனை யாரும் அளந்து வைக்கவில்லை.
புகைப்படம் எடுத்தார்கள், தொப்பி மாட்டினார்கள்,
கை குலுக்கினார்கள்.

ஒற்றைக்காலில் தாவச் சொன்னேன்.
நன்றாகத்தான் தாவுகிறான்.
தரை நெருங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறான்.
படிவத்தில் கண்ணுக்கு இடமில்லை.
கிளப் கொடுத்த செராஸ் வீட்டுக்கு
மார்ச் வரைதான் வாடகை கட்டியிருக்கிறதென்று
தாவலுக்கும் தாவலுக்கும் இடையே,
வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னான்.

வியாழன் மாலை, புடு எல்.ஆர்.டி.
மழை விட்டும் கூரை சொட்டிக்கொண்டிருந்தது.
நான் தூணுக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம்,
கையில் வறுத்த கடலைப் பொட்டலம்.
கதவு மூடும் மணி அடித்தது.
ஆறே எட்டு.
என்னிடம் இடுப்பு வலிக்கு வரும் திருமதி லோ,
எழுபத்தொரு வயது, அவர் பிடித்திருப்பார்.
இவன் நின்றான்.
ரயில் போனது.
அடுத்தது ஆறு நிமிடம் என்றது பலகை.
ஒரு கடலையைத் தோலுரித்து ஊதி
வாயில் போட்டுக்கொண்டான்.

பயமா, புத்தியா?
போய்க் கேட்டிருக்கலாம்.
தூணின் ஈரம் தோளில் பட
நான் அங்கேயே நின்றிருந்தேன்.
இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருடம்.
யாரையும் பதுங்கி நின்று பார்த்ததில்லை.

ஆறு நிமிடம் என்றது எட்டானது.
அடுத்த ரயிலின் கதவு அவனுக்கு உயரம் போதவில்லை.
நெட்டையானவர்கள் கழுத்தைக் குனிந்துதான் நுழைவார்கள்.
இவன் குனியவில்லை.
நிமிர்ந்த தலையோடு
முட்டிகளை மடக்கித் தாழ்ந்து
உள்ளே போய்
எழுந்து நின்று
கம்பியைப் பிடிக்காமல் கடலையைத் தின்றான்.

எண்ணவில்லை. உதடு அசையவில்லை, பார்த்தேன்.
இடது வலது வித்தியாசம்
கண்ணளவில் எதுவும் தெரியவில்லை.

ராத்திரி பதினொன்றுக்குப் படிவத்தை எடுத்து
வட்டம் போட்டேன்.
எதற்கு என்று சொல்லக் கூடாது,
நோயாளி விவரம்.
ஆனால் பேனா
ஒருமுறைக்கு இரண்டுமுறை சுற்றியதில்
காகிதம் கொஞ்சம் கிழிந்துவிட்டது.